சிமிட்டத் தயங்கிய பதினோரு நிமிடங்கள்

அமெரிக்க நாட்டின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில், அட்லாண்டிக் பெருங்கடலின் கரையிலமைந்த சிற்றூர் ஒன்றில், 2014ஆம் ஆண்டு முதல் 2017 வரை துணைப் பங்குத்தந்தையாகப் பணியாற்றும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. மீன்பிடித் தொழிலை நம்பி வாழ்ந்த ஊர் அது. கோடையிலும் காலை பத்து மணிவரை மூடுபனி விலகாத நாள்கள் அங்கே பல. கடற்கரைக் குடும்பத்தில் பிறந்த நமக்கு, அந்த ஊரில் பழகிய பொருளாகத் தோன்றியது உப்புக் காற்று ஒன்றுதான்.

அப்பங்கில் எழுபது வயது கடந்த முதியவர் ஒருவர் இருந்தார். மனைவியை இழந்தவர், தனித்து வாழ்ந்தவர். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் எவரும் கேளாமலே மண்டபத்து நாற்காலிகளை அடுக்கி வைப்பார். கோவிலின் ஒலிபெருக்கி பழுதானால் அவரைத்தான் அழைப்போம். வந்து, பார்த்து, சரிசெய்து, ஒரு வார்த்தையும் பேசாமல் போய்விடுவார். அத்தகையவர் 2016ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஒரு மாலை நம்மிடம் வந்து, "தந்தையே, நான் ஒரு பழைய கருவிக்கு உயிர் கொடுத்திருக்கிறேன். பார்க்க வருவீர்களா?" என்று கேட்டபோது நமக்கு வியப்பாயிருந்தது. மறுநாள் மாலையே சென்றோம்.

அவர் வீட்டின் நிலவறையில் ஒரு மேசை. அதன்மேல் கருநிறப் பெட்டி ஒன்று. அதன் முகப்பில் வட்டமான சிறு கண்ணாடித் திரை. சுற்றிலும் திருகுகளும் பொத்தான்களும். உள்ளே முப்பதுக்கும் மேற்பட்ட வால்வுகள் இருந்தன. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க விமானங்களுக்கென உருவாக்கப்பட்ட ஏ.பி.என். 9 என்னும் லோரான் ரிசீவர் அது என்று விளக்கினார். விமானத்து மின்சாரத்துக்கென அமைக்கப்பட்டதால், வீட்டு மின்சாரம் அதற்குப் பொருந்தாது. வினாடிக்கு 400 சுழற்சியுள்ள மின்சாரத்தைத் தரும் பெட்டி ஒன்றையும் அவரே செய்து வைத்திருந்தார்.

லோரான் என்பது 'தொலைதூர வழிகாணல்' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் சுருக்கம். செயற்கைக்கோள்கள் விண்ணில் ஏறுமுன், கப்பலும் விமானமும் நடுக்கடலில் தம் இடத்தை அறிய உதவிய வானொலி முறை அது. அதற்கு முந்திய காலத்தில் மாலுமிகள் சூரியனையும் விண்மீன்களையும் அளந்தே இடத்தைக் கணித்தனர். வானம் மூடிக்கொண்டால் அவர்கள் கண்ணிழந்தவர்களே. வட அட்லாண்டிக்கிலோ வானம் மூடியிருக்கும் நாள்கள் மிகுதி.

இங்கிலாந்தில் ராபர்ட் டிப்பி என்பவர் வகுத்த 'ஜீ' என்னும் முறை 1942ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதல் விமானப் படையில் பெருமளவில் பயன்பட்டது. ஆனால் அதன் எட்டும் தொலைவு குறைவு. அமெரிக்காவில் ஆல்பிரட் லூமிஸ் என்பவர் 1940இல் இதையொத்த ஒரு முறையை முன்மொழிந்திருந்தார். மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் கதிர்வீச்சு ஆய்வுக்கூடத்தார் அதைக் குறைந்த அலைவெண்ணுக்கு மாற்றி, கடல் மேற்பரப்பைத் தழுவி நெடுந்தூரம் செல்லும்படி அமைத்தனர். அதுவே லோரான். பகலில் 700 கடல் மைல் வரையிலும், இரவில் வானடுக்கில் பட்டுத் திரும்பும் அலைகளின் துணையால் 1,400 கடல் மைல் வரையிலும் அது எட்டிற்று. போர் முடிந்தபோது ஏறத்தாழ எழுபது நிலையங்கள் இயங்கின.

இது எவ்வாறு இடத்தைக் காட்டும் என்று நாம் கேட்டோம். அவர் ஆலயமணியைக் கொண்டே விளக்கினார். அடுத்தடுத்த இரண்டு ஊர்களில் ஒரே நொடியில் மணி அடிக்கப்படுவதாக வைத்துக்கொள்வோம். இரண்டிற்கும் சரிநடுவில் நிற்பவர் இரண்டையும் ஒருங்கே கேட்பார். ஒரு மணி மற்றதைவிட மூன்று வினாடி முந்திக் கேட்குமானால், அந்த ஊர் மற்ற ஊரைவிட ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் அண்மையில் உள்ளது என்று பொருள். அந்த மூன்று வினாடி வேறுபாடு மாறாதிருக்கும் இடங்களையெல்லாம் புள்ளியிட்டு இணைத்தால் ஒரு வளைகோடு கிடைக்கும். அக்கோட்டின்மீது எங்கோ நாம் நிற்கிறோம். வேறு இரண்டு மணிகளைக் கேட்டு இன்னொரு கோடு வரைந்தால், இரண்டும் வெட்டும் இடமே நாம் நிற்கும் இடம்.

இதைக் கேட்டதும் நமக்குக் கட்டுமரத்தில் கடலுக்குச் சென்ற நம் பாட்டனாரின் நினைவு வந்தது. மாதா கோவில் கோபுரத்தை ஒரு பனைமரத்தோடும், தொலைவில் தெரியும் மலையை வேறோர் அடையாளத்தோடும் நேர்நிறுத்தி, அவ்விரு கோடுகளும் சந்திக்கும் இடத்தில் வலையை இறக்குவார் அவர். கரையில் எவரும் அடையாளத்தை மாற்றிவிட மாட்டார்கள் என்னும் நம்பிக்கையில்தான் அத்தொழில் நடந்தது. பனைமரம் ஒன்றை வெட்டிவிட்டால்கூட, வெட்டியவர் கரையோரத்துக் குடும்பங்களுக்குச் சொல்லிவிடுவது வழக்கம் என்று பாட்டனார் சொல்ல நாம் சிறு வயதில் கேட்டதுண்டு.

லோரானில் மணியோசைக்குப் பதிலாக வானொலித் துடிப்புகள். ஒரு துடிப்பு ஒரு வினாடியில் பத்து இலட்சத்தில் நாற்பது பங்கு நேரமே நீடிக்கும். பத்து இலட்சத்தில் ஒரு பங்கை மைக்ரோ வினாடி என்பர். அதற்குள் வானொலி அலை ஏறத்தாழ 300 மீட்டர் ஓடிவிடும். நிலையங்கள் இவ்விரண்டாக இணைந்து பணியாற்றும். ஒன்று தலைமை நிலையம். மற்றது துணை நிலையம். தலைமை நிலையம் துடிப்பை அனுப்பும். துணை நிலையம் அதைக் கேட்டு, வரையறுத்த காலம் காத்திருந்து, தன் துடிப்பை அனுப்பும். அந்தக் காத்திருப்பின் அளவு மாறாதிருக்கும்வரை கப்பல்கள் இரண்டின் இடைவெளியை அளந்து, அச்சிட்ட வரைபடத்தில் தமக்குரிய கோட்டைக் கண்டுகொள்ளும்.

ஆனால் ஒரே அலைவரிசையில் பல நிலைய இணைகள் ஒலிபரப்பின. எது எந்த இணை என்று எவ்வாறு அறிவது? நிலையங்கள் தம் பெயரைச் சொல்வதில்லை, குரலால் அழைப்பதில்லை. ஒவ்வோர் இணையையும் அதன் துடிப்பு வேகத்தாலேயே அறிந்துகொண்டனர். இதுவே அந்தப் பெட்டியில் நம்மை மிகவும் கவர்ந்த செய்தி.

தொடக்கத்தில் இரண்டு அடிப்படை வேகங்கள் இருந்தன: ஒன்று வினாடிக்கு 25 துடிப்பு, மற்றது வினாடிக்கு 33⅓ துடிப்பு. பின்னர் 20 துடிப்பு வேகமும் சேர்க்கப்பட்டது. வினாடிக்கு 25 என்றால் ஒரு சுற்றுக்கு 40,000 மைக்ரோ வினாடி. இந்த அடிப்படையிலிருந்து எட்டுக் கிளைகள். முதற்கிளைக்கு 40,000; அடுத்ததற்கு 39,900; அதற்கடுத்ததற்கு 39,800; இவ்வாறு நூறு நூறாகக் குறைந்து எட்டாவது கிளைக்கு 39,300. ஒரு குடும்பத்தில் எட்டுப் பிள்ளைகள், ஒவ்வொருவரின் நடையும் மற்றவரின் நடையினின்று அணுவளவே வேறுபட்டது என்று சொல்லலாம். அந்த அணுவளவு வேறுபாடே அவர்களை அடையாளம் காட்டப் போதுமானதாயிருந்தது.

கப்பலிலோ விமானத்திலோ உள்ள கருவியும் அதே நடையில் நடந்தாக வேண்டும். அதற்காக அதனுள்ளே ஒரு படிகம், வினாடிக்கு ஒரு இலட்சம் முறை அதிர்ந்துகொண்டிருக்கும். அதன் ஒவ்வோர் அதிர்வும் 10 மைக்ரோ வினாடி. அதை அடுத்தடுத்த வால்வுச் சுற்றுகள் எண்ணி எண்ணிக் குறைக்கும்: ஐந்தை எண்ணி 50, அதில் பத்தை எண்ணி 500, அதில் ஐந்தை எண்ணி 2,500. இவ்வாறு சேர்ந்து சேர்ந்து 20,000 ஆகும்போது திரையில் ஒளிப்புள்ளி ஒரு கோட்டை இழுத்து முடிக்கும். அடுத்த 20,000இல் அதன் கீழே இன்னொரு கோடு. இரு கோடுகளும் சேர்ந்து ஒரு சுற்று.

கிளை வேகங்களுக்கு எண்ணிக்கையைச் சற்றே சுருக்க வேண்டுமே, அதற்கு என்ன வழி என்று கேட்டோம். எண்ணி முடித்த சுற்றிலிருந்து ஒரு சிறு துடிப்பைத் திருப்பி, முன்னால் எண்ணிக்கொண்டிருக்கும் சுற்றுக்கு அனுப்பிவிடுவார்களாம். செபமாலை உருட்டிக்கொண்டிருக்கும் பாட்டிக்குத் தெரியாமல் பேரப்பிள்ளை ஒரு மணியைத் தள்ளிவிடுவது போல, அச்சுற்று ஒன்றைக் கூடுதலாக எண்ணியதாகக் கருதிச் சற்று முன்னதாகவே முடித்துவிடும். நாம் சிரித்துவிட்டோம். அந்த முதியவரும் சிரித்தார். அவர் சிரித்து நாம் பார்த்தது அதுவே முதன்முறை.

அமெரிக்காவின் பழைய லோரான் நிலையங்கள் 1980ஆம் ஆண்டின் இறுதியோடு மூடப்பட்டுவிட்டன. எனவே அவருடைய கருவிக்குக் கேட்க ஒன்றுமில்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? இரண்டு நிலையங்களின் துடிப்புகளைப் போலவே துடிப்புகளை எழுப்பும் சிறு பெட்டி ஒன்றைச் செய்து, கம்பி வழியே இணைத்திருந்தார். மறைந்த நிலையங்களின் குரலை மேசைமீது மீண்டும் எழுப்பியிருந்தார் என்று சொல்ல வேண்டும்.

விளக்கை அணைத்துவிட்டுக் கருவியை இயக்கினார். வால்வுகள் சூடேறச் சற்று நேரம் பிடித்தது. பிறகு திரையில் இரண்டு பச்சைக் கோடுகள் தோன்றின. அவற்றின்மேல் சிறு முட்கள் போல் இரண்டு துடிப்புகள் இடப்புறமாக ஓடிக்கொண்டிருந்தன. ஒரு கோட்டை ஏறத்தாழ எட்டு வினாடியில் கடந்து மற்றக் கோட்டுக்கு மாறின. "கருவியின் வேகம் ஒரு கிளை தவறியிருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் நூறு மைக்ரோ வினாடி முந்தி வருவதால் அவை ஓடுகின்றன. நீங்களே திருகுங்கள்" என்றார். நாம் திருகினோம். ஒரு படி. முட்கள் இரண்டும் ஓட்டத்தை நிறுத்திக் கோட்டின்மேல் அப்படியே நின்றுவிட்டன. கூட்டம் நிறைந்த திருவிழாவில் எல்லாரும் நகர்ந்துகொண்டிருக்க, நமக்கு அறிமுகமான ஒருவர் மட்டும் நம்மைப் பார்த்து நின்றால் எப்படியிருக்கும்! அவ்வாறிருந்தது.

அதன்பின் மேல்கோட்டுத் துடிப்பையும் கீழ்கோட்டுத் துடிப்பையும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிறுத்தி, உயரத்தைச் சமப்படுத்தி, ஒன்றன்மீது ஒன்று பொருந்தும்படி செய்து, இடைவெளியை எண்ணக் கற்றுக்கொடுத்தார். திரையில் தோன்றும் குறிகளை 2,500, 500, 50, 10 என்று படிப்படியாக எண்ணிக் கூட்ட வேண்டும். நமக்குக் கால் மணி நேரம் பிடித்தது. தேர்ந்த மாலுமி சில நிமிடங்களில் முடித்துவிடுவானாம். இரவில் வானடுக்கிலிருந்து திரும்பிய துடிப்புகளும் நேர்த்துடிப்புக்குப் பின்னால் வரிசையாக வந்து நிற்கும் என்றும், அவை சில வேளைகளில் நேர்த்துடிப்பைவிடப் பெரிதாகத் தோன்றினாலும் பொங்கியும் மங்கியும் தம்மைக் காட்டிக்கொடுத்துவிடும் என்றும் கூறினார்.

"இதையெல்லாம் எங்கே கற்றீர்கள்?" என்று கேட்டோம்.

அவர் விளக்கைப் போடவில்லை. திரையின் பச்சை வெளிச்சத்திலேயே பேசினார். அவர் சொன்னது பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சொன்னதன்று. மேசையருகே இருவர் உட்கார்ந்து பேசிய பேச்சு. பெயரைச் சொல்லாமல் எழுதலாம் என்று பின்னாளில் அவரே இசைவு தந்தார். அதனால்தான் இங்கே எழுதுகிறோம்.

1960களில் அவர் வட அட்லாண்டிக்குத் தீவு ஒன்றிலிருந்த துணை நிலையத்தில் நேரக் காவலராகப் பணியாற்றினார். இரவும் பகலும் முறைவைத்து ஒருவர் திரைமுன் அமர்ந்திருக்க வேண்டும். தலைமை நிலையத்தின் துடிப்பும் தம் நிலையத்தின் துடிப்பும் வரையறுத்த இடைவெளியில் நிற்கின்றனவா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டொரு மைக்ரோ வினாடிக்கு மேல் விலகினால் உடனே 'சிமிட்ட' வேண்டும். சிமிட்டுவதாவது, தம் துடிப்பை இடமும் வலமுமாகத் துள்ளச் செய்வது. கடலில் அதைக் காணும் மாலுமி, 'இந்த நிலையம் இப்போது தன்னை நம்பவேண்டாம் என்கிறது' என்று புரிந்துகொண்டு, சிமிட்டல் நிற்கும்வரை அதை விட்டுவிட்டு வேறு வழி பார்ப்பான்.

1965ஆம் ஆண்டின் பனிக்காலத்தில் ஓர் இரவு. இவருக்கு அப்போது வயது இருபது. காவல் நேரத்தில் கதைப் புத்தகம் ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தபோது தம் நிலையத்தின் துடிப்பு பதினைந்து மைக்ரோ வினாடி விலகி நின்றது. எப்போது விலகியதோ தெரியாது. சிமிட்டும் பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் சிமிட்டினால் நேரத்தையும் காரணத்தையும் ஏட்டில் எழுத வேண்டும். காலையில் மேலதிகாரி கேட்பார். 'ஒரு நிமிடத்தில் சரிசெய்துவிடலாம். பிறகு எதற்குச் சிமிட்ட வேண்டும்?' என்று எண்ணித் திருகுகளைத் தொட்டார். ஒரு நிமிடம் இரண்டானது. இரண்டு ஐந்தானது. தொடங்கும்போது சிமிட்டாதவர் இப்போது சிமிட்டினால், தொடக்கத்திலேயே ஏன் சிமிட்டவில்லை என்னும் கேள்வியும் சேர்ந்துகொள்ளுமே! பதினோரு நிமிடங்கள் கழித்துத் துடிப்பு தன் இடத்துக்கு வந்தது. தலைமை நிலையத்துக் காவலரும் அதைக் கண்டிருக்க வேண்டும். அவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஏட்டில் இவர் எழுதியது, 'எல்லாம் ஒழுங்கு' என்பதே.

"ஏதேனும் கப்பல் மோதிற்றா? தரை தட்டிற்றா?" என்று நாம் மெல்லக் கேட்டோம்.

"இல்லை. அப்படி ஒரு செய்தியும் வரவில்லை. வந்திருந்தால் ஒருவேளை நான் ஒப்புக்கொண்டிருப்பேன், தண்டனையும் பெற்றிருப்பேன். ஒன்றுமே நடக்கவில்லை, தந்தையே. ஆனால் அந்தப் பதினோரு நிமிடத்தில் எவனோ ஒருவன் குளிரில் விறைத்த விரலால் என் துடிப்பைப் பிடித்து எண்ணியிருப்பான். நான் சொன்னதை நம்பிப் படத்தில் கோடு போட்டிருப்பான். அவன் யாரென்று எனக்குத் தெரியாது. ஐம்பது ஆண்டுகளாக அவனைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்."

இரண்டு நிலையங்களுக்கும் இடையிலுள்ள நேர்கோட்டின்மேல் பதினைந்து மைக்ரோ வினாடிப் பிழை என்பது இரண்டேகால் கிலோமீட்டர். அங்கிருந்து விலகிச் செல்லச் செல்ல வளைகோடுகள் விரிவதால் பிழையும் விரியும். இக்கணக்கை அவர் ஒரு தாளில் போட்டுக் காட்டினார். பலமுறை போட்ட கணக்கு என்பது அவர் எழுதிய வேகத்திலேயே தெரிந்தது.

பிறகு அவர் ஒரு செய்கை செய்தார். துடிப்புகளை எழுப்பும் பெட்டியில் ஒரு திருகைச் சற்றே அசைத்தார். "இப்போது பதினைந்து மைக்ரோ வினாடி பிழை வைத்திருக்கிறேன். திரையைப் பாருங்கள். தெரிகிறதா?" என்றார். பார்த்தோம். ஒரு வேறுபாடும் தெரியவில்லை. துடிப்புகள் முன்போலவே அசையாமல் நின்றன. "அதுதான்" என்றார்.

நமக்கு மெய் சிலிர்த்தது. வேகம் சரியாயிருந்தால் துடிப்பு அசையாமல் நிற்கும். பேசுவது யார் என்பதை மட்டுமே வேகம் காட்டும். பேசுபவர் சொல்லும் நேரம் உண்மையா என்பதை அது காட்டாது. பொய்யான நேரமும் திரையில் உண்மையைப் போலவே உறுதியாக நிற்கும். அது பொய் என்பதைக் கடலிலிருப்பவன் கண்டுபிடிக்க வழியில்லை; அனுப்பியவர் சிமிட்டினால்தான் உண்டு. ஆகவே அம்முறையின் நம்பகம் வால்விலும் படிகத்திலும் இருந்ததைவிட, நள்ளிரவில் தனியே விழித்திருந்த ஓர் இளைஞனின் கையில்தான் அதிகமாக இருந்தது. இதை நாம் அதற்குமுன் எந்த இயந்திரத்தைப் பற்றியும் எண்ணிப் பார்த்ததில்லை.

அன்றிரவு அறைக்குத் திரும்பியபின் நமக்கு உறக்கம் வரவில்லை. அதற்குக் காரணம் அவருடைய கதை மட்டுமன்று.

அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் நம் தமக்கையின் மகளுக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. நாமே வந்து மணமக்களை ஆசீர்வதிப்போம் என்று வாக்குக் கொடுத்திருந்தோம். ஆனால் ஜூன் மாத இறுதியில் எம் பங்குத்தந்தைக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது. பங்கை விட்டு நாம் அசைய முடியாது என்பது அன்றே தெளிவாகிவிட்டது. இருப்பினும், 'அவர் விரைவில் குணமடையக்கூடும், மாற்றுக் குருவானவர் கிடைக்கக்கூடும், இன்னும் ஒரு வாரம் பார்ப்போம்' என்று மூன்று வாரங்களைக் கடத்திவிட்டோம். வாரந்தோறும் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினோம். ஞாயிறு இரவு, அதே நேரம், அதே நலம் விசாரிப்பு. ஒரு வாரமும் தவறவில்லை. அந்த ஒழுங்கைக் கண்டு அவர்கள் ஐயுறவே இல்லை. வேகம் சரியாயிருந்தது, சொன்ன நேரம்தான் பொய்.

அப்போது இரவு பத்து மணி. நம் ஊரில் மறுநாள் காலை ஏழரை. தொலைபேசியை எடுத்தோம். தமக்கையிடம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டோம். அங்கே நெடுநேரம் பேச்சில்லை. பிறகு, "பத்திரிகை நேத்துத்தான் அச்சாகி வந்துச்சு, தம்பி. உங்க பேரைத்தான் போட்டிருக்கோம்" என்றார். அச்சகத்துக்குக் கொடுக்குமுன் சொல்லியிருக்க நமக்கு இருபது நாள்கள் இருந்தன. மாப்பிள்ளை வீட்டாருக்கு என்ன பதில் சொல்வது என்று அவர் கலங்கியது குரலில் தெரிந்தது. மன்னிப்புக் கேட்டோம். அதைத் தவிர அந்த வேளையில் நம் கையில் வேறொன்றுமில்லை.

பிறகு அம்மா தொலைபேசியை வாங்கினார். நாம் குருப்பட்டம் பெற்ற நாளிலிருந்து அம்மா நம்மைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. "சாமி, வர முடியாதுன்னு மூணு வாரமாத் தெரியுமா?" என்று கேட்டார். "தெரியும்மா" என்றோம். "அப்ப மூணு வாரமா நீங்களும் நிம்மதியாத் தூங்கியிருக்க மாட்டீங்க. சரி, இப்பவாவது சொன்னீங்களே. பத்திரிகையை மாத்தி அடிச்சுக்கலாம். கல்யாணத்தன்னிக்கு வாசல்ல நின்னு நான் உங்களைத் தேடியிருந்தா, அதை மாத்தி அடிக்க முடியாது பாருங்க" என்றார்.

பத்திரிகையை மீண்டும் அச்சடித்தார்கள். ஊர்ப் பங்குத்தந்தை திருமணத்தை நடத்திவைத்தார். தமக்கையின் மனம் ஆறச் சில மாதங்கள் பிடித்தன. அதை நாம் மறைக்க விரும்பவில்லை. பிந்திய சிமிட்டலுக்கும் ஒரு விலை உண்டு. ஆனால் அம்மா சொன்னது போல், திருமண வாசலில் நின்று எவரும் நம்மை எதிர்பார்த்து ஏமாறவில்லை.

2017இல் தாயகம் திரும்புமுன் அம்முதியவரிடம் விடைபெறச் சென்றோம். அவர் ஒரு பழைய குறிப்பேட்டைத் திறந்து காட்டினார். அவர் கையெழுத்தில் ஒரே ஒரு பதிவு இருந்தது. 1965ஆம் ஆண்டின் அந்த நாள், அந்த நேரம், பதினைந்து மைக்ரோ வினாடி விலகல், பதினோரு நிமிடங்கள், சிமிட்டவில்லை, காரணம் காவலரின் அச்சம். கீழே அவர் பெயரும் கையொப்பமும் இருந்தன. "அந்த நிலையமே இப்போது இல்லை. இதைக் கேட்டு வாங்கிப் படிக்க ஒருவருமில்லை. ஆனாலும் ஏடு சரியாக இருக்க வேண்டும் அல்லவா?" என்றார். நாம் அதை வாசித்து, மூடி, இரு கைகளாலும் அவரிடம் கொடுத்தோம்.

பழைய லோரானுக்குப்பின் 'லோரான் சி' என்னும் புதிய முறை வந்தது. ஒற்றைத் துடிப்புக்கு மாறாக எட்டெட்டுத் துடிப்புகளைத் தொகுதியாக அனுப்பியும், பிற்காலத்தில் அணுக் கடிகாரங்களைக் கொண்டும் அது நேரத்தைக் காத்தது. நம் நாட்டிலும் மும்பை, கல்கத்தாப் பகுதிகளில் அதன் நிலையங்கள் அமைந்தன. அமெரிக்காவில் அது 2010ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள் நிறுத்தப்பட்டது. இன்று நம் மீனவச் சகோதரர் படகில் வைத்திருக்கும் ஜி.பி.எஸ். கருவி செயற்கைக்கோள்களைக் கேட்கிறது. அதுவும் நேரத்தை அளந்தே இடத்தைச் சொல்கிறது. ஒவ்வொரு செயற்கைக்கோளும் தான் அனுப்பும் செய்தியோடு தன் நலத்தைப் பற்றிய குறிப்பையும் சேர்த்தே அனுப்புகிறது என்று பின்னர் அறிந்தோம். பழுதுற்றால், 'என்னைக் கணக்கில் சேர்க்காதே' என்பதை அக்குறிப்பே சொல்லிவிடும். வால்வும் படிகமும் மறைந்துவிட்டன. சிமிட்டும் கடமை மறையவில்லை.

குடும்பங்களிலும் நாம் ஒருவர் சொல்லை ஒருவர் வைத்தே கோடு போடுகிறோம். வேலை போய்விட்டதை மனைவியிடம் சொல்லாமல் தினமும் அதே நேரத்தில் சட்டை மாட்டிக்கொண்டு வெளியே செல்லும் கணவர் உண்டு. தேர்வில் தவறியதை மறைத்து வழக்கம்போல் புத்தகத்தைத் திறந்து வைத்திருக்கும் பிள்ளை உண்டு. வட்டிக்கு வாங்கியதைச் சொல்லாமல் அடுப்பங்கரையில் சிரித்துக்கொண்டிருக்கும் தாய் உண்டு. திரையில் எல்லாம் அசையாமல்தான் நிற்கும். அவர்கள் தீயவர்கள் அல்லர். 'இன்னும் ஒரு நிமிடத்தில் சரிசெய்துவிடலாம்' என்று நம்புகிறவர்கள், நம்மைப் போன்றவர்கள். அந்த ஒரு நிமிடம் பதினொன்று ஆவதற்குள், 'என் கணக்கு தவறியிருக்கிறது, சற்றுப் பொறுங்கள்' என்று சொல்ல அவர்களுக்குத் துணிவு வர வேண்டும். சொன்னவரை அந்த வேளையிலேயே அதட்டாதிருக்க வீட்டிலுள்ளவர்களுக்கும் மனம் வர வேண்டும். மேலதிகாரியின் கேள்விக்கு அஞ்சித்தானே அந்த இளைஞன் பொத்தானை அழுத்தவில்லை!

அம்மா இப்போது இல்லை. ஞாயிறுதோறும் பங்கு அறிவிப்புகளை வாசிக்குமுன், சென்ற வாரம் நாம் தவறாகச் சொன்னது ஏதேனும் இருந்தால் அதை முதலில் திருத்திவிடுவதை வழக்கமாகக் கொண்டிருக்கிறோம். பெரும்பாலும் சிறு பிழைகளே: கூட்டத்தின் நேரம், நன்கொடைத் தொகை, ஒருவரின் பெயர். முதற்சில வாரங்களில் மக்கள் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்தனர். இப்போது பழகிவிட்டார்கள். அண்மையில் பங்குப் பேரவைக் கூட்டத்தில் ஓர் இளைஞர் எழுந்து, "சாமி, போன மாதம் நான் கொடுத்த கணக்கில் ஒரு தவறு இருக்கிறது" என்றார். ஒருவரும் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. கணக்கேட்டைத் திறந்து அவருக்கு முன்னால் வைத்தோம்.